மல்லிச் செடி மஞ்சளிக்கிறதா? எந்த இலை என்று பாருங்கள்

போன மாசி மாதம் எதிர்வீட்டு மதினி ஒரு கொப்பை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "இங்க பாருங்க மதினி, சத்தே இல்ல போல. ஒரு கை யூரியா அள்ளிப் போட்டுரவா?" என்றாள். கொப்பின் நுனியில் இருந்த நாலு இலையும் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தன. நரம்பு மட்டும் பேனாவால் கோடு இழுத்த மாதிரி பச்சையாகத் தெரிந்தது. கீழே இருந்த முற்றின இலைகளோ நல்ல கரும்பச்சை. "யூரியா வேணாத்தா. அது தழைச்சத்துக் குறை இல்ல. உள்ள வா, சொல்றேன்" என்று திண்ணையில் உட்கார வைத்தேன். அன்றைக்கு அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ரெண்டு வரி. செல்லம்பட்டிப் பக்கம் அரை ஏக்கர் மல்லித் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். விடியக்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அரும்பு பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். இப்போது தனக்கன்குளத்தில் வீட்டுக்குப் பின்னால் தரையில் 23 செடியும், மாடியில் சிமெண்டுத் தொட்டியில் 9 செடியும் வைத்திருக்கிறேன். எல்லாம் குண்டுமல்லி. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மதுரை மல்லிதான். பதியன் மட்டும் ராமநாதபுரத்துத் தங்கச்சிமடத்தில் இருந்து வந்தது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வழக்கமாகவே நாற்று அங்கிருந்துதான் வரும்.

அப்பா தோட்டத்தில் மண் செவல், தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். அங்கே செடி மஞ்சளித்து நான் பார்த்தது குறைவு. தனக்கன்குளத்துக்கு வந்து போர் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்த ரெண்டாம் வருஷம் நுனி இலையெல்லாம் வெளுத்தது. நான் செய்யாத வைத்தியம் இல்லை. கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன். முட்டை ஓட்டை இடித்துப் போட்டேன். விறகடுப்புச் சாம்பலைத் தூரைச் சுற்றித் தூவினேன். உரக்கடையில் "எல்லாச் சத்தும் இதுல இருக்கும்மா" என்று கொடுத்த பொடியையும் வாங்கிப் போட்டேன். செடி இன்னும் வெளுத்தது. அடுத்த சித்திரைக்குள் நாலு செடி போய்விட்டது. மீனாட்சி கல்யாணத்துக்கு வீட்டுப் பூவைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று இருந்தவள், கடையில் முழம் வாங்கிக்கொண்டு போனேன். அந்த வருத்தத்தில்தான் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்கு மண்ணை எடுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த ஊர் மண்ணில் பெரும்பாலும் சத்து இல்லாமல் செடி வாடுவதில்லை. சத்து மண்ணில் இருக்கும், வேருக்குள் போகாது. நான் போட்ட சாம்பலும் முட்டை ஓடும் அந்தக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியிருந்தன.

உரத்தை எடுப்பதற்கு முன்னால்

மஞ்சள் இலையைக் கண்டதும் உரப்பையைத் தேடாதீர்கள். முதலில் செடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்காருங்கள். தூரில் இருந்து ஒரு சாண் தள்ளி விரலை மண்ணுக்குள் இறக்கிப் பாருங்கள். ரெண்டாவது கணு வரைக்கும் சேறாக, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் செடிக்குத் தண்ணீர் அதிகம். மல்லி வேருக்குக் காற்று வேண்டும். தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டி, இருக்கிற சத்தையும் இழுக்காது. அப்படிப்பட்ட செடிக்கு நாலு நாள் தண்ணீரை நிறுத்தி, பாத்தியைக் கொத்திவிட்டாலே பாதி சரியாகும். தொட்டியாக இருந்தால் அடி ஓட்டையில் குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். என் மாடித் தொட்டி ஒன்றில் ஓட்டைக்குள் வேரே போய் அடைத்துக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக அதற்கு நான் உரம் போட்டது வீண்.

அடுத்து வேர். மஞ்சளோடு செடி பகலில் துவண்டு, சாயங்காலம் நிமிர்கிறது என்றால் ஓரத்தில் மண்ணை விலக்கி ஒரு மெல்லிய வேரை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நல்ல வேர். கறுத்து, தோல் உரிந்து, வாடை அடித்தால் வேரழுகல். லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து தூர் நனைய ஊற்ற வேண்டும். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. இதைச் சத்துக் குறை என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய, ஏனென்றால் இலை அச்சு அசலாகப் பட்டினி கிடந்த மாதிரியே வெளுக்கும். வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிச் செடிக்குக் கால் கிலோ கொத்திவிட்டு, சுற்றிக் கேந்திச் செடி (செண்டுமல்லி) ரெண்டு நட்டு வையுங்கள். கேந்தி வேர் நூற்புழுவை மட்டுப்படுத்தும். நான் ஒவ்வொரு வருஷமும் மல்லி வரிசைக்கு நடுவில் கேந்தி போடுகிறேன். தீபாவளிக்கு அந்தப் பூவும் ஆகும்.

மூன்றாவது, இலையைத் திருப்பிப் பார்ப்பது. பங்குனி, சித்திரை வெயிலில் செம்பேன் வரும். இலை மேல்பக்கம் ஊசியால் குத்தின மாதிரி வெளிறிய புள்ளியாக இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் மொத்த இலையும் மஞ்சள் போலத்தான் தெரியும். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக்கொண்டு கொப்பைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நடந்தால் அது பேன். நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

இன்னொன்றும் உண்டு. மார்கழி, தைப் பனியில் மல்லி கொஞ்சம் மஞ்சளித்து இலை கொட்டத்தான் செய்யும். பூவும் வராது. அந்த மாதங்களில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லி விலை ஏறுவதே அதனால்தானே? அதைக் குறை என்று நினைத்து மருந்து தேட வேண்டாம். செடி ஓய்வில் இருக்கிறது.

மேல் இலையா, கீழ் இலையா

தண்ணீர், வேர், பூச்சி மூன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் சத்துக் கணக்கு. இதில் ஒரே ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். மஞ்சள் முதலில் வந்தது கீழே முற்றின இலையிலா, நுனிக் கொழுந்திலா?

இதற்குக் காரணம் எளிது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் இந்த நாலையும் செடி ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக முடியும். பற்றாக்குறை வந்தால் கிழ இலையில் இருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும். வீட்டில் அரிசி குறைந்தால் அப்பத்தா தன் தட்டில் இருந்து பிள்ளைத் தட்டுக்குத் தள்ளிவிடுவாளே, அது மாதிரி. அதனால் குறை கீழ் இலையில் தெரியும். இரும்பு, கந்தகம், சுண்ணாம்புச் சத்து, போரான் இவற்றை ஓர் இலைக்குள் கட்டிவிட்டால் எளிதில் திரும்ப எடுக்க முடியாது. வேரில் இருந்து புதிதாக வந்தால்தான் கொழுந்துக்குக் கிடைக்கும். அதனால் குறை நுனியில் தெரியும். துத்தநாகமும் பெரும்பாலும் நுனிப் பக்கம்தான் காட்டும்.

மதினி கொண்டுவந்த கொப்பில் நுனி மஞ்சள், அடி பச்சை. யூரியா கொடுப்பது தழைச்சத்து. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை அல்லவா முதலில் வெளுத்திருக்க வேண்டும்? இந்த ஒரு பார்வையிலேயே யூரியா இல்லை என்று தெரிந்துவிட்டது.

நம்ம ஊர் நோய்: இரும்பு

நுனி இலை மஞ்சள், நரம்பு பச்சை. குறை முற்றினால் நரம்பும் போய் இலை வெள்ளைத் துணி மாதிரி ஆகும், ஓரம் கருகும், நுனி காயும். இது இரும்புச் சத்துக் குறை. மதுரையைச் சுற்றி வீட்டு மல்லி மஞ்சளிப்பதில் நான் பார்த்த வரைக்கும் பத்தில் ஆறேழு இதுதான்.

செம்மண்ணில் இரும்பு இல்லாமலா? செம்மண் சிவப்பே இரும்பால்தான். ஆனால் அது துருவாக இருக்கிற இரும்பு. மண்ணில் காரத்தன்மை ஏற ஏற அது கரையாது. கார அமில நிலை (pH) ஏழரையைத் தாண்டினால் வேருக்குக் கிடைப்பது மிகவும் குறைந்துபோகும். நம்ம பக்கம் கொஞ்சம் ஆழம் தோண்டினால் பல இடத்தில் வெள்ளையாகச் சுக்கான் கல் வரும். அது சுண்ணாம்பு. மேல் மண் செவலாகத் தெரிந்தாலும் வேர் சுக்கானில் இறங்கும்போது வெளுப்பு ஆரம்பிக்கும். போதாததற்குப் போர் தண்ணீர். உங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படை கட்டுகிறதா? குழாய் வாயில் உப்புப் பூக்கிறதா? அதே தண்ணீரைத்தான் தினமும் செடிக்கு ஊற்றுகிறீர்கள். ஒவ்வொரு குடமும் மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பைச் சேர்க்கிறது. வீடு கட்டி முடித்த புதிதில் பின்பக்கம் கொட்டின சிமெண்டு, சுண்ணாம்புக் கழிவும் இதே வேலையைச் செய்யும். என் நாலு செடி செத்த இடம் சரியாகக் கொத்தனார் கலவை குழைத்த இடம்.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சாண் ஆழத்தில் இருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் காயவைத்து, அதன்மேல் வினிகர் நாலு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு. காதை வைத்துக் கேட்டால் சுர்ரென்று சத்தமும் வரும்.

நோய் இதுதானா என்று உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. எனக்கு இது கல்லூரியில் சொல்லித் தந்தது. அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், உரக்கடையில் கிடைக்கும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி கரைத்து, மஞ்சளித்த ஒரே ஒரு கொப்பின் இலைகளில் மட்டும் பஞ்சால் மேலும் கீழும் தடவிவிடுங்கள். அந்தக் கொப்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுங்கள். ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். தடவின இலை திட்டுத் திட்டாகப் பச்சையேறினால் இரும்புதான் குறை. மாற்றமே இல்லையென்றால் வேறு எதையோ தேட வேண்டும். பத்து நாள் காத்திருக்க மனசு கேட்காது. ஆனால் அந்தப் பத்து நாளில்தான் நான் முன்பு நாலு வேண்டாத பொருளை மண்ணில் கொட்டினேன். காத்திருங்கள்.

உறுதியானதும் முழுச் செடிக்கும் தெளிக்க வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி. இங்கே ஒரு நுணுக்கம். நம்ம போர் தண்ணீரில் அன்னபேதியை நேராகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் டீத்தண்ணீர் நிறமாகி அடியில் காவியாகப் படியும். படிந்தது துரு, செடிக்கு உதவாது. அதனால் மழைத்தண்ணீரோ வடிகட்டின குடிதண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வடிகட்டி ஊற்றுங்கள். கடையில் விற்கிற சிட்ரிக் அமிலம் என்றால் லிட்டருக்கு 1 கிராம் போதும். அதற்குப் பிறகு அன்னபேதியைப் போட்டுக் கலக்குங்கள். லேசான பச்சையாக, தெளிவாக இருக்க வேண்டும். கலக்கின அன்றைக்கே தெளித்து முடியுங்கள். கடையில் வாங்கும்போதும் பாருங்கள்: பச்சைக் கற்கண்டு மாதிரி இருந்தால் நல்லது. பழுப்பாகப் பொடிந்து கிடந்தால் அது பழசு, வாங்க வேண்டாம்.

காலை ஏழு மணிக்கு முன்னாலோ சாயங்காலம் ஐந்துக்குப் பிறகோ, இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தெளியுங்கள். காதி சோப்புக் கரைசல் ரெண்டு சொட்டு கலந்தால் இலையில் ஒட்டும். மாடித் தரையில் சிந்தினால் துருக் கறை போகவே போகாது, கீழே சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். நான் முதல் மாதம் 15 நாளுக்கு ஒரு தடவை என ரெண்டு முறை அடிப்பேன். பிறகு கொழுந்து பச்சையாக வரும் வரைக்கும் மாதம் ஒரு தடவை.

தெளிப்பது அவசரத்துக்குக் கஞ்சி கொடுப்பது மாதிரி. அடுத்து விடும் கொழுந்து மறுபடி மஞ்சளாகத்தான் வரும், ஏனென்றால் வேர் இன்னும் சுண்ணாம்பில்தான் நிற்கிறது. அங்கே அன்னபேதியைச் சும்மா மண்ணில் தூவினால் ஒரே வாரத்தில் துருவாகிவிடும். மக்கின சாணி எரு 5 கிலோவில் 10 கிராம் அன்னபேதியைப் பிசைந்து, ஈரமாக ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு தூரைச் சுற்றிக் கொத்திவிட்டால் எரு அதைக் கொஞ்சம் காப்பாற்றித் தரும். மாடித் தொட்டியில் இருக்கிற ரெண்டு மூன்று செடிக்குக் கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் இரும்புக் கிலேட் வாங்கலாம். இரும்பு துருவாகிவிடாமல் பிடித்து வைத்திருக்கிற உரம் அது. அதில் ரெண்டு வகை. ஈ.டி.டி.ஏ. என்று போட்டிருப்பது சுண்ணாம்பு மண்ணில் சீக்கிரம் பிடிப்பை விட்டுவிடும். அதை இலையில் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஈ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருக்கிற கருஞ்சிவப்புக் குருணைதான் காரமண்ணில் நிற்கும். விலை கூடுதல். பொட்டலத்தில் எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ரெண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக் கொடுப்பார்கள், ஒன்றல்ல.

இதோடு சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்புத் தண்ணீர் மூன்றையும் மஞ்சளித்த மல்லிக்கு நிறுத்துங்கள். மூன்றும் காரத்தைக் கூட்டும். ஐப்பசி மழையில் மொட்டைமாடித் தண்ணீரை ரெண்டு டிரம்மில் பிடித்து வைத்துத் தொட்டிச் செடிக்கு மட்டும் ஊற்றிப் பாருங்கள். என் 9 தொட்டியில் மூன்று, வேறு எந்த வைத்தியமும் இல்லாமல் மழைத்தண்ணீரிலேயே தெளிந்தன.

மற்றவை

அடி இலை முழுசாக, நரம்பு உட்பட, ஒரே சீராக வெளுத்து உதிர்ந்து, புதுக் கொப்பு குட்டையாக ஒல்லியாக வந்தால் அதுதான் தழைச்சத்துக் குறை. இதற்கு யூரியா சரி. லிட்டருக்கு 10 கிராம் கரைத்துத் தெளித்தால் ஒரு வாரத்தில் தெரியும். கடலைப் புண்ணாக்குத் தண்ணீரும் நல்லது. நாலு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

அடி இலையில் நரம்போரம் பச்சை நிற்க, இடையில் மஞ்சள் பாய்ந்தால் மெக்னீசியம். பார்க்க இரும்புக் குறை மாதிரியே இருக்கும், இடம் மட்டும் தலைகீழ். அதனால்தான் எந்த இலை என்று இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன். மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், ரெண்டு தடவை. சாம்பல் சத்தை அள்ளிப் போட்ட செடிக்கு இது வரும். ஒன்று கூடினால் வேர் மற்றதை விடாது.

அடி இலையின் ஓரம் மட்டும் காய்ந்து, தீயில் காட்டின காகிதம் மாதிரி சுருண்டால் சாம்பல் சத்துக் குறையாக இருக்கலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் படை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது உரமும் உப்புத் தண்ணீரும் கூடிப்போன கருகல். அதற்கு மேலும் பொட்டாஷ் போட்டால் செடி போய்விடும். மேல் மண்ணை ஒரு விரல்கடை சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிட வேண்டும். உப்பு இல்லாமல் ஓரம் கருகினால் மட்டும் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் தெளிக்கலாம்.

துத்தநாகம் குறைந்தால் கொழுந்து இலை சின்னச் சின்னதாக, ரோஜா இதழ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வரும். கணு இடைவெளியே இருக்காது. துத்தநாக சல்பேட் லிட்டருக்கு இரண்டரை கிராம். சூப்பர் பாஸ்பேட்டை அதிகம் கொட்டின செடியில் இது வரும். இந்த சல்பேட் எதையும் மணிச்சத்து உரக் கரைசலோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள், திரிந்து அடியில் படிந்துவிடும். கந்தகம், போரான் குறையெல்லாம் வீட்டுச் செடியில் நான் அதிகம் சந்தித்ததில்லை. போரானில் தேவைக்கும் விஷத்துக்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி, மண் பரிசோதனை சொல்லாமல் தொட வேண்டாம்.

இலை பச்சை, பூ இல்லை

இது வேறு குறை. "செடி நல்லாத்தான் இருக்கு, ஒரு அரும்பு கூட இல்ல" என்று வருபவர்கள் வீட்டுச் செடியைப் பார்த்தால் இலை கறிவேப்பிலை மாதிரி கரும்பச்சையாக, கொப்பு கொடியாக நீண்டு ஓடும். தழைச்சத்து கூடிப்போச்சு. யூரியா, மீன் அமிலம், புண்ணாக்கு எல்லாவற்றையும் ஒன்றரை மாதம் நிறுத்துங்கள். வெயில் ஐந்தாறு மணி நேரம் விழுகிறதா பாருங்கள். நிழலில் நிற்கிற மல்லிக்கு எந்தச் சத்தும் பூவாகாது. கவாத்து செய்தீர்களா என்றும் யோசியுங்கள். மல்லி புதுக் கொப்பின் நுனியில்தான் அரும்பு விடும். கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரம், தரையில் இருந்து 50 செ.மீ. உயரம் விட்டு மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். வெட்ட மனசு வராமல் மூன்று வருஷம் விட்ட செடியில் பூ எங்கே வரும்? என் அப்பா கவாத்துக் கத்தியை எடுத்தால் நான் அழுவேன். மாசிக்கு அதே செடி வெள்ளையாக நிற்கும்.

அரும்பு ஊதா நிறமாகி உதிர்ந்தால் மணிச்சத்துக் குறை என்று சொல்லி உரம் கொடுப்பார்கள். நம்பாதீர்கள். அந்த அரும்பை நகத்தால் பிளந்து பாருங்கள். மொட்டுப்புழு தின்றிருக்கும், இல்லையென்றால் அடிப்பக்கம் வீங்கி உள்ளே மொட்டு ஈயின் சின்ன வெள்ளைப் புழு நெளியும். ஊதா அரும்பு முழுவதையும் பொறுக்கி, பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். தூரடி மண்ணைக் கிளறிவிடுங்கள், கூட்டுப்புழு அங்கேதான் இருக்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் சாயங்காலம் அடியுங்கள். மணிச்சத்துக் குறைவான மல்லியில் அரும்பு நிறம் மாறாது, வரத்துதான் குறையும்.

வருஷ உரம்

தோட்டத்துக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, வளர்ந்த செடி ஒன்றுக்கு வருஷத்துக்கு 10 கிலோ தொழு உரம், 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல் சத்து. கடைக் கணக்கில் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இதை ரெண்டாகப் பிரித்து, பாதி கவாத்து முடிந்ததும், மீதி ஆனி, ஆடியிலும் தூரை விட்டு ஒரு அடி தள்ளி வட்டமாகக் கொத்தி, மூடித் தண்ணீர் விட வேண்டும். கவனியுங்கள், இது தரையில் நிற்கிற செடிக்கு. தொட்டிக்கு இந்த அளவைப் போட்டால் வெந்துவிடும். தொட்டிக்கு நான் மாதம் ரெண்டு கைப்பிடி மண்புழு உரமும், பூக்கிற மாதங்களில் 15 நாளுக்கு ஒரு தடவை தழை, மணி, சாம்பல் மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 2 கிராமும் கொடுக்கிறேன். பஞ்சகவ்யம் பிடித்தவர்கள் லிட்டருக்கு 30 மில்லி தெளிக்கலாம், கொழுந்து நன்றாக விடும். அதை அன்னபேதியோடு கலக்க வேண்டாம், நாலு நாள் இடைவெளி விடுங்கள்.

பத்துச் செடிக்கு மேல் வைத்திருந்தால் ஒரு தடவை மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். மம்பட்டியால் ஆங்கில "வி" எழுத்து மாதிரி ஒரு சாண் குழி வெட்டி, பக்கச் சுவரில் இருந்து மேலே தொடங்கி அடி வரைக்கும் ஒரே சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். இப்படி ஐந்தாறு இடம். எருக்குப்பைக்குப் பக்கத்திலும் நேற்று உரம் போட்ட இடத்திலும் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பாகத்தைத் தள்ளி, மறுபடி கலந்து பிரித்து, கடைசியில் அரைக் கிலோ வரும்வரை குறைத்து நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். தண்ணீருக்கு மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பாட்டிலில் பிடியுங்கள். யானைமலை ஒத்தக்கடையில் கல்லூரி வளாகத்திலேயே கேட்டால் வழிகாட்டுவார்கள். முடிவுத் தாளில் கார அமில நிலை என்ற வரியை முதலில் படியுங்கள்.

மதினியின் செடிக்கு வருகிறேன். சிவப்பு நூல் கட்டின கொப்பு ஒன்பதாம் நாள் திட்டாகப் பச்சையேறியது. மூன்று தடவை தெளித்தோம், எருவில் கலந்தும் வைத்தோம். தண்ணீர்த் தொட்டி கழுவுகிற தண்ணீரை அந்தப் பாத்தியில் விடுவதை நிறுத்தினாள். முன்பு மஞ்சளித்த இலையில் முற்றிப்போனது சில தேறவில்லை, உதிர்ந்துதான் போனது. அதைப் பார்த்து வைத்தியம் பலிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்து விடுகிற கொழுந்தின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். சித்திரை பிறந்து பத்து நாளில் அவள் வீட்டு மூன்று செடியில் உழக்கு நிறைய அரும்பு கிடைத்தது.

கடைசியாக ஒன்று. அன்னபேதி தெளிக்கும் அன்றைக்கு விடியலிலேயே பறிக்க வேண்டிய அரும்பு முழுவதையும் பறித்துவிடுங்கள். கரைசல் பட்ட அரும்பில் பழுப்புப் புள்ளி விழும். சாமிக்கும் போட முடியாது, தலையிலும் வைக்க முடியாது. பூச்சிமருந்து அடித்திருந்தால் பொட்டலத்தில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடிகிற வரை பறித்த பூவைப் பிள்ளைகள் தலையில் வைக்காதீர்கள்.